வீட்டு வெதர் ஸ்டேஷன்: 4 வருசம் ஓட்டியாச்சு, வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு

கோபிசெட்டிபாளையத்துல இருக்கற மச்சான் போன வாரம் போன் பண்ணி, நீ தோட்டத்து ஊட்டு சாளை மேல மாட்டி வெச்சிருக்கியே அந்த வெதர் ஸ்டேஷன், இப்ப வெல நல்லா எறங்கி 11,000-க்கு வருது, மஞ்சக்காட்டுக்கு ஒண்ணு வாங்கிப் போடட்டுமான்னு கேட்டாரு. போன்ல ரெண்டு வார்த்தையில சொல்லி முடிக்க முடியலைங்க. சாமானு அத்தன நல்ல சாமானு, ஆனா அதுல ஒரு விசயம் நெனச்சாலே வயிறு பத்திகிட்டு வருது. அதனால எழுதியே போட்டுடறேன், அவருக்கும் ஆச்சு, கேக்கற மத்தவங்களுக்கும் ஆச்சு.

நான் வாங்குனது 2021 ஆடியில, அப்ப 14,500 ரூவா. காங்கேயம் பக்கம் எங்க தோட்டத்து சாளை மேல, மரம் மறைக்காத எடமா பாத்து கம்பி நட்டு மாட்டியிருக்கேன். காத்து, வெயிலு, ஈரப்பதம், மழை எல்லாம் அளக்கும், அந்த விவரமெல்லாம் டப்பா மேலயே இருக்குது, அத விடுங்க. நான் சொல்ல வந்தது மழைமானியப் பத்தி.

எங்க பக்கம் வருசத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை, அதுலயும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையிலதான். மேக்கால வால்பாற சின்னக்கல்லாறுல ஆடி மாசம் ஒரே வாரத்துல அத்தன மழையும் கொட்டித் தீத்துடற வருசமெல்லாம் உண்டு. நாங்க மலைக்கு இந்தப் பக்கம், மழை அங்கயே நின்னுக்கும், பாலக்காட்டு கணவாய் வழியா காத்து மட்டும் எங்களத் தேடி வரும். அப்படிப்பட்ட ஊர்ல மழை வந்தா எவ்வளவு வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கறது ஆசைக்கு மட்டும் இல்லைங்க, வெதைக்கறதா வேண்டாமா, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனம்) வாய்க்கா தண்ணிக்கு காத்திருக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ற கணக்கு அது.

மழைமானிக்குள்ள வேல ரொம்ப எளிசு. மேல புனலு, கீழ சீசா பலகை மாதிரி ரெண்டு குட்டி கிண்ணம். ஒரு கிண்ணம் நெறஞ்சா சாயும், மத்தது மேல வரும், சாயறப்ப அதுல இருக்கற காந்தம் ஒரு ரீட் ஸ்விட்ச்ச (காந்தம் பக்கத்துல வந்தா தானா சேர்ற ஸ்விட்ச்சு) தாண்டிப் போகும், ஒரு சாய்வு 0.3 மில்லிமீட்டர்னு கணக்கு ஏறும். ராத்திரி மழ புடிக்கறப்ப கட்டில்ல படுத்துகிட்டு காது குடுத்தா அந்த டொக், டொக் சத்தம் கம்பி வழியா சாளை செவுருக்கு வந்து லேசா கேக்கும், டொக் டொக்குனு நெருங்கி வந்தா மழ வலுக்குதுன்னு அர்த்தம். நாலு வருசத்துல எனக்கு அலுக்கவே அலுக்காத சத்தம் அது. வாங்குன வருசமே வடகிழக்கு மழ தமிழ்நாடு பூராவும் வழக்கத்த விட ரொம்ப அதிகம், அந்த ஐப்பசியில நான் சரியா தூங்குனதே கெடயாது.

அளவு சரியா வருதான்னு கேட்டா, வருதுங்க. பக்கத்துலயே சாதா கையால பாக்கற மழைமானி ஒண்ணும் வெச்சிருக்கேன், வானிலை ஆபீஸ்காரங்க மாதிரியே காத்தால 8:30-க்கு ரெண்டையும் பாத்து நோட்டுல எழுதிருவேன். தூறலு, நிதான மழைன்னா ரெண்டும் ஒட்டியே போகும். சடசடன்னு அடிக்கற கோடை மழையில மட்டும் கிண்ணம் சாயற நேரத்துல தண்ணி நழுவி கொஞ்சம் கம்மியா காட்டும், இந்த மாதிரி மானி எல்லாத்துக்கும் இருக்கற கொறதான். எங்கூர்ல பெரியவங்க இன்னமும் ஒழவுக் கணக்குலதான் மழை சொல்லுவாங்க, ஒரு ஒழவு மழ, ரெண்டு ஒழவு மழன்னு. ஏர் ஓட்டற ஆழத்துக்கு மண்ணு நனஞ்சா அது ஒரு ஒழவு. பக்கத்துல கொப்பரை களம் வெச்சிருக்கற மாமா "ஒரு ஒழவுக்கு பேஞ்சிருக்கும் கண்ணு"ன்னு சொல்ற அன்னிக்கு என்ற மானியில பெரும்பாலும் 20-க்கும் 25-க்கும் நடுவுல இருக்கும். மம்முட்டியில ஒரு கொத்து கொத்தி மண்ணுல ஈரம் எவ்வளவு ஆழம்னு பாத்தே அவரு சொல்லிருவாரு.

ரிப்பேருன்னு பாத்தா காத்தாடி கிண்ணம் ஒரு தடவ மாத்துனேன், 1,300 ரூவா ஆச்சு. பேட்டரி ரெண்டு தடவ. ஒரு சித்திரையில நல்ல மழ பேஞ்சும் வெறும் 2.7-ன்னு காட்டுச்சு, ஏணி வெச்சு ஏறி புனல கழட்டிப் பாத்தா வேப்பம்பூவு சல்லடைய கனமா அடச்சுகிட்டு கெடக்குது, உள்ள காந்தத்துக்குப் பக்கத்துல குளவி ஒண்ணு செம்மண்ணுல கூடு கட்டி கிண்ணத்தையே அசைய உடாம புடிச்சு வெச்சிருக்குது. சுத்தம் பண்ணாதது என்ற தப்பு, மிசினு மேல ஒரு குத்தமும் இல்ல. இப்ப பங்குனி பொறந்தா வாரம் ஒருக்கா ஏறிப் பாத்துடறேன்.

இவ்வளவு சொல்லிட்டேனா, இனி வயித்தெரிச்சலுக்கு வர்றேன்.

வாங்குனப்ப இருந்து என்ற ஸ்டேஷனுக்கு ஒரு லிங்க் இருந்துச்சு, அதத் தொட்டா போதும், யாரு வேண்டுமானாலும் எந்த போன்லயும் பாக்கலாம், பேரு ஊரு எதுவும் கேக்காது. நான் அத ஊர் வாட்சப் குரூப்ல போட்டு வெச்சிருந்தேன். மருந்தடிக்கறவங்க காத்து எவ்வளவுன்னு பாப்பாங்க, ஆடு மேய்க்கற அண்ணன் கொறங்காட்டுல (மேச்சல் காடு) இருந்தே மழ வந்துச்சான்னு பாப்பாரு. எல்லாரையும் விட அதிகமா பாத்தது கொப்பரை களத்துக்காரங்க. காங்கேயத்துல களம் எத்தன இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியும், தேங்காய ஒடச்சு வெய்யல்ல போட்டா காய நாளாகும், நடுவுல ஒரு மழ நனச்சுதுன்னா பூசணம் புடிச்சு கருத்துப் போயிரும், வெல பாதாளத்துக்குப் போயிரும். மாமா களம் எனக்கு கெழக்கால ஒன்றரை கிலோமீட்டர். மேக்க இருந்து கோடை மழ வந்தா முதல்ல குளுந்த காத்து எங்க தோட்டத்த அடிக்கும், 38 டிகிரில இருந்து மளமளன்னு 28, 29-க்கு எறங்கும், காத்து 40 கிலோமீட்டருக்கு எகிறும். அத போன்ல பாத்த ஒடனே அக்காங்க தார்ப்பாய இழுத்து மூட ஆரம்பிச்சிருவாங்க. பத்து நிமிசம் கெடச்சா போதும், அந்த பத்து நிமிசத்துலதான் எல்லாமே.

2025 தை மாசம் கம்பெனிக்காரங்க ஒரு அப்டேட் உட்டாங்க. அதுக்கப்பறம் லிங்க தொட்டா லாகின் பண்ணுனு வருது. பாக்கறதுக்கே ஈமெயில், போன் நம்பர், பொறந்த தேதி, ஓடிபி, பெரிய எழுத்து சின்ன எழுத்து நம்பரு எல்லாம் கலந்த பாஸ்வேர்டு, அத்தனையும் இங்கிலீசுல. எழுதறதுக்கு மாத்தறதுக்கு இல்லைங்க, சும்மா பாக்கறதுக்கு! மாமா எனக்கு போன் பண்றாரு: "ஏங்கண்ணு, என்னமோ பேரு ஊரெல்லாம் கேக்குது, ஓடிபி வருமாமா, யாரு கேட்டாலும் ஓடிபி குடுக்காதீங்கன்னு பேங்குல சொல்லியிருக்கறாங்களே, இத குடுக்கலாமா?" அவரு கேட்டது நூத்துக்கு நூறு சரி. 68 வயசுக்காரருக்கு ஈமெயில் ஐடி எதுக்கு, அதுவும் எங்க தோட்டத்துல காத்தடிக்குதான்னு பாக்கறதுக்கு. நானே அவரு போன்ல போட்டுக் குடுத்தேன், ஓடிபி ரெண்டு தடவ வரவேயில்ல, மூணாவது தடவ வந்துச்சு. அதயும் மாசம் ஒருக்கா தானா வெளிய தள்ளி உட்ருது, மறுபடி மொதல்ல இருந்து.

சித்திரையில ஒரு நாள் மூணு மணிக்கு மேக்கால கறுத்துச்சு. நான் திருப்பூர்ல வேலையில இருக்கேன். களத்துல அக்கா போன எடுத்து லிங்க தொட்டிருக்கு, லாகின் பக்கம் வந்து நின்னுருச்சு. பாஸ்வேர்டு மாமாவுக்குத்தான் தெரியும், மாமா மில்லுக்குப் போயிட்டாரு. அது எனக்கு போன் அடிச்சிருக்கு, நான் மிசினு சத்தத்துல எடுக்கல. பாதிக் களம் மூடறதுக்குள்ள அடிச்சுத் தள்ளிருச்சு. ஊட்டுக்குள்ள கணக்கெல்லாம் காட்டற டப்பா, கன்சோல்னு சொல்லுவாங்க, அதுல பொறவு பாக்கறேன், 3:10-க்கே டெம்பரேச்சரு எறங்க ஆரம்பிச்சிருக்குது, முதல் சாய்வு 3:24-க்கு. பதினாலு நிமிசம் இருந்திருக்குது. என்ற சாமானு சரியா அளந்திருக்குது, சரியா அனுப்பியிருக்குது, பாக்க வேண்டிய ஆளு கதவுக்கு வெளிய நின்னுட்டு இருந்திருக்குது. மாமா என்னய ஒரு வார்த்த சொல்லல. எனக்கு அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல.

கம்பெனிகிட்ட மெயில்ல கேட்டேன். பாதுகாப்பு, சர்வர் செலவுன்னு பதில் வந்துச்சு. நான் நாயமாத்தான் பேசணும், அதுல உண்மையும் இருக்குது. இப்பெல்லாம் ஆளே இல்லாம ரோபோ புரோகிராமுங்க ராவும் பகலும் வந்து எல்லா பக்கத்தையும் அள்ளிகிட்டு போகுது, அந்த பாரத்துக்கு காசு கட்டறது அவங்கதான். இன்னொண்ணு, பழைய லிங்க்குல வீட்டுக்குள்ள இருக்கற சென்சாரோட கணக்கும் சேந்து தெரியும், அத யோசிக்காம நானும் உட்டிருந்தேன், ஏசி ஓடுதா, ஊட்டுல ஆளு இருக்கறாங்களான்னு அத வெச்சே ஒருத்தன் கண்டுபுடிச்சிரலாம். அத பூட்டுனது சரி, மொதல்லயே பூட்டியிருக்கணும். ஊட்டுக்குள்ள நடக்கறத பூட்டுங்க, வானத்துல இருந்து விழுந்தத எதுக்குங்க பூட்டறீங்க? செலவாகுதுன்னா அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா மட்டும் மாத்துங்க, படமெல்லாம் வேண்டாம், நாலு நம்பரு போதும். மழ வந்தா எஸ்.எம்.எஸ். அனுப்பணும்னா நம்பரு கேளுங்க, யாருக்கு அனுப்பறதுன்னு தெரியணும்ல, குடுக்கறோம்.

தாலுக்கா ஆபீஸ் மழைமானி அளவு பேப்பர்ல வருது, டீக்கடையில யாரு வேணாலும் படிக்கறாங்க. வானிலை ஆய்வு மையம் 1875-ல ஆரம்பிச்சது, அவங்க ரேடார் படத்த இன்னிக்கு எந்த லாகினும் இல்லாம பாக்கலாம், கொச்சி ரேடார பாத்துத்தான் நான் மேக்கால என்ன கெளம்புதுன்னு தெரிஞ்சுக்கறேன். விக்கிப்பீடியாவ படிக்க யாரும் பேரு பதியறதில்ல. அரசாங்கம் தொறந்து வெச்சிருக்கறத, என்ற காசுல வாங்கி என்ற கரண்டுல ஓடற மானிய வெச்சுகிட்டு ஒரு கம்பெனி பூட்டுது.

இதுல எனக்கு ஏன் இத்தன கோவம்னா, நான் இந்த மழைப் பைத்தியத்துக்கு வந்ததே அடுத்தவங்க மானிய பாத்துத்தானுங்க. 2019-ல இருந்து ரெண்டு வருசம் எங்கிட்ட ஒரு சாமானும் கெடயாது. வால்பாறையில, கூடலூர்ல, குடகுல யாரோ முகம் தெரியாதவங்க அவங்கவங்க ஊட்டுல வெச்சிருந்த ஸ்டேஷன ராத்திரி ராத்திரி தொறந்து பாப்பேன். எப்படி மாட்டணும், எவ்வளவு ஒசரம் வேணும், ஏன் தகரத்துக்குப் பக்கத்துல வெக்கக் கூடாது, எல்லாம் அவங்க எழுதி வெச்சத படிச்சு கத்துகிட்டதுதான். ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்த பேசுனதில்ல. எனக்கு அப்ப கூச்சம், இங்கிலீசும் தடுமாறும். அன்னிக்கு மொதல் பக்கத்துலயே பேரக் குடு, நம்பரக் குடுன்னு கேட்டிருந்தா மூடி வெச்சுட்டு போயிருப்பேன். எழுத வர்றவங்கள யாருன்னு கேக்கறது நாயம், கண்டவனும் வந்து கண்டதையும் போட்டா கெட்டுப் போயிரும். படிக்க வர்றவன் யாரா இருந்தா என்ன? இப்ப எத்தன பசங்க அந்த லாகின் பக்கத்த பாத்துட்டு திரும்பிப் போறாங்களோ.

சரி, நான் என்ன பண்ணுனேன்னு சொல்லிடறேன். கன்சோல் செட்டிங்ல உள்ள போய்ப் பாத்தா நம்ம சொந்த கம்ப்யூட்டருக்கும் அனுப்பற மாதிரி ஒரு வழி இருக்குது, எல்லா மாடல்லயும் இருக்காது, நீங்க பாத்து வாங்கணும். கோயமுத்தூர்ல இஞ்சினீரிங் படிக்கற சித்தப்பா பையன் ரெண்டு ஞாயித்துக்கெழம வந்து உக்காந்து, ராஸ்பெர்ரி பைன்னு கையளவு கம்ப்யூட்டர் போர்டு ஒண்ணுல வீவெக்ஸ்னு எலவச சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்தான். இப்ப மறுபடி லிங்க தொட்டா தெரியுது, மழ, காத்து, டெம்பரேச்சரு, மூணே மூணு. ஊட்டுக்குள்ள சென்சார் அதுல இல்ல. மாமாவுக்கு காட்டுனேன், ஒண்ணும் கேக்கலையான்னு ரெண்டு தடவ கேட்டுட்டு வாங்கிகிட்டாரு. ஆனா கரண்டு போனா போர்டும் போயிரும், நெட்டும் போயிரும், அதுக்கும் ஒரு யூ.பி.எஸ். வாங்கி வெச்சிருக்கேன், 2,000-க்கு மேல ஆச்சு.

மச்சான், உங்களுக்கு பதிலு இதுதான். வேண்டாம். நாலு வருசத்துல நான் வாங்குன சாமானுலயே எனக்கு ரொம்ப புடிச்சது இதுதான், மழைமானிக்கு நூத்துக்கு தொண்ணூத்தஞ்சு மார்க் போடுவேன், இருந்தாலும் 11,000 இல்ல, 5,000-க்கு வந்தாலும் இந்த கம்பெனிது வாங்காதீங்க. உங்க மஞ்சக்காட்டுல என்ன பேஞ்சுதுன்னு பக்கத்துக் காட்டுக்காரரு பாக்கறதுக்கு எவன்கிட்டயோ பேரு பதியணும்னா அந்த மானி எதுக்கு. சொந்த கம்ப்யூட்டருக்கு அனுப்பற வசதி டப்பாவுலயே போட்டிருக்கற வேற மாடல் பாருங்க, கொஞ்சம் வெல கூட ஆனாலும் பரவால்ல, அந்த சித்தப்பா பையன நான் கூட்டிகிட்டு வர்றேன்.

இன்னொண்ணும் பண்றேன், பால் சொசைட்டி செவுத்துல ஒரு கரும்பலக இருக்குது, செகரட்ரிகிட்ட கேட்டு ஓரமா ஒரு கட்டம் வாங்கியிருக்கேன். தெனமும் 8:30 கணக்க சாக்பீஸ்ல எழுதிட்டுத்தான் வேலைக்குப் போறது. நேத்து 11.4. எழுதிட்டு கைய தட்டிகிட்டு திரும்பறேன், தூக்குப்போசிய கழுவிகிட்டு நின்ன ஒரு ஆத்தா "எவ்வளவு சாமி போட்டிருக்கு?"ன்னு கேட்டுச்சு. சொன்னேன். "அப்ப அரை ஒழவுதான், இன்னம் ஒரு மழ வரட்டும்"னு சொல்லிட்டு போசிய எடுத்துகிட்டு போயிருச்சு.