திருச்சியில் கல்யாண மேடை அலங்காரத்துக்கு ஆள் தேடுபவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

போன தை மாதம் என் தங்கைக்குக் கல்யாணம். மேடை அலங்காரத்தில் நாங்கள் ஏமாந்ததை எழுதுகிறேன். பணம் போனது ஒரு பக்கம். அக்கினி வளர்க்கிற இடத்துக்கு மேலே எதைத் தொங்கவிட்டார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்னும் கை நடுங்குகிறது.

தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் அந்த டெகரேஷன்காரரிடம் போனோம். செல்போனில் படம் படமாகக் காட்டினார். செட்டிநாட்டு வீட்டுத் தூண் மாதிரி நான்கு தூண், மேலே சம்பங்கிச் சரம், பின்னால் தென்னங்குருத்துத் தோரணம். அம்மாவுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. 1,80,000 ரூபாய் என்று பேசி, 1,25,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினோம். ரசீது கேட்டதற்கு, "கல்யாணம் முடிஞ்சதும் மொத்தமா பில் போட்டுத் தர்றேன் மேடம்" என்றார். நானும் விட்டுவிட்டேன். அந்தப் படங்கள் கோயம்புத்தூரில் வேறொருவர் செய்த மேடை என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. என் தோழி பார்த்ததுமே, "இது எங்க சித்தி பொண்ணு கல்யாண மேடை ஆச்சே" என்றாள்.

மேடைக்கு என்னென்ன வேண்டும் என்று அப்பா ஒரு தாளில் வரைந்தே கொடுத்திருந்தார். எங்கள் வீட்டில் அரசாணிக்கால் நடுவோம். அரசங்கிளையும் கல்யாண முருங்கைக் கிளையும் சேர்த்துக் கட்டி மணவரையில் நிற்க வேண்டும், பக்கத்தில் முளைப்பாலிகைக் கிண்ணங்கள் இருக்க வேண்டும். ஹோம குண்டத்தைச் சுற்றிப் பெண்ணும் மாப்பிள்ளையும் கை கோத்து நடக்க மூன்றடியாவது வழி வேண்டும். அம்மி வைக்க இடம் வேண்டும், வாத்தியார் சம்மணம் போட்டு உட்கார்ந்து நெய், சமித்து எல்லாம் பரப்பிக்கொள்ள இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்று தலையாட்டினார். மேடையில் பூ எல்லாம் ஒரிஜினல் பூ என்றும் பேச்சு.

முதல் நாள் இரவு பதினொன்றரைக்கு ஒரு வேனில் மூன்று பையன்கள் வந்தார்கள். உரிமையாளர் வரவில்லை. அப்பா வரைந்த தாளைப் பற்றிக் கேட்டேன். "எங்களுக்கு அப்படி எதுவும் வரலக்கா, இந்த செட்டைப் போடச் சொன்னாங்க" என்றான் ஒரு பையன். பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வேலையை வேறொரு குழுவுக்குக் கைமாற்றி விட்டிருக்கிறார். காலையில் ஒரு மேடை, சாயந்தரம் ஒரு ரிசப்ஷன் என்று அதே தெர்மாகோல் பேனல்கள் ஊர் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரு தூணின் அடியில் பழைய ஜோடியின் பெயர் எழுத்துகூட ஒட்டியபடியே இருந்தது.

பேக்டிராப்பைச் சுவரிலிருந்து நான்கடி முன்னால் தள்ளி நிறுத்தி, அதற்கு முன்னால் ஒரு பெரிய சோபாவையும் போட்டுவிட்டார்கள். போட்டோவுக்கு நன்றாக இருக்குமாம். மணவரைக்கு மிஞ்சியது ஒரு கட்டில் அகல இடம்தான். அரசாணிக்காலை நட இடமில்லாமல், விடியற்காலையில் அம்மா அதை இரும்புச் சட்டத்தின் காலோடு வைத்துக் கயிற்றால் கட்டினாள். கட்டும்போது அழுதாள். அதை நான் பார்த்தேன்.

முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. ஐந்து மணிக்கு அந்த ஆள் போனில், மீதிப் பணம் வந்தால்தான் பூக்கட்டுக்காரர் வருவார் என்றார். உறவெல்லாம் வந்து உட்கார்ந்தாயிற்று, அப்பா என்ன செய்வார்? 55,000 ரூபாயையும் அனுப்பினார். பூக்கட்டுக்காரர் வரவில்லை. தை மாதப் பனியில் மல்லி வரத்து குறைந்து, முகூர்த்த நாளில் விலை எகிறும் என்பது எங்களுக்கும் தெரியும். அதைச் சொல்லிக் கேட்டிருந்தால் சாமந்தியும் கோழிக்கொண்டையும் போதும் என்றிருப்போம். ஸ்ரீரங்கத்துப் பூக்கடைகளில் நாங்களே வாங்கி வந்திருப்போம். மேலே தொங்கியது முழுக்க பிளாஸ்டிக் சரம், அதற்கு மேல் சாட்டின் துணிக் கூரை.

ஹோமம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்றம். நெய்ப் புகையின் வாசனையே இல்லை அது. நிமிர்ந்து பார்த்தால், குண்டத்துக்கு நேர் மேலே ஒரு சரம் நுனி சுருண்டு கறுத்துக்கொண்டிருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து ஒரு கறுப்புச் சொட்டு, பொரி வைத்திருந்த முறத்தில் விழுந்தது. தங்கையின் முழங்கைக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இல்லை. மாமா பாய்ந்து அந்தச் சரத்தைப் பிடித்து இழுத்தார், அவர் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. வாத்தியார் தீயைத் தணித்து, நெய்யைச் சொட்டுச் சொட்டாக விட்டு மந்திரத்தை முடித்தார். அக்கினியை வலம் வரவும் வழியில்லை. சோபாவை நான்கு பேர் தூக்கி மேடைக்குக் கீழே இறக்கின பிறகுதான் நடந்தார்கள்.

திருச்சிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்துக் கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதுவும் தை மாதம்தான். அப்பா அன்று முழுக்க வாயே திறக்கவில்லை. சாயந்தரம்தான், "எனக்கு அந்த மண்டபம் ஞாபகம் வந்துடுச்சும்மா" என்றார்.

தயவுசெய்து, ஆளைப் பேசி முடிக்கும் முன் வாத்தியாரையும் அவரையும் ஒரே நாளில் மண்டபத்துக்கு வரச் சொல்லி, மேடையில் சாக்பீஸால் கோடு போட வையுங்கள். குண்டம் இங்கே, அம்மி இங்கே, நடக்கிற வழி இது என்று. அதைப் படம் எடுத்து அவருக்கே அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குங்கள். குண்டத்துக்கு மேலே துணி, பிளாஸ்டிக், தெர்மாகோல் எதுவும் கூடாது என்று எழுதி வாங்குங்கள். படம் காட்டினால், அவர் செய்த மேடை ஒன்றை நேரில் போய்ப் பாருங்கள். முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். மீதியை முகூர்த்தம் முடிந்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே பேசிவிடுங்கள்.

அந்த ஆள் இப்போது எங்கள் எண்களை எடுப்பதில்லை. பில்லும் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டோம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஜிபே விவரம், வாட்ஸ்அப் பேச்சு, வீடியோக்காரர் எடுத்த காட்சி எல்லாம் இருக்கிறது. கறுப்புச் சொட்டு காய்ந்து ஒட்டிய அந்த முறத்தையும் அம்மா கழுவாமல் எடுத்து வைத்திருக்கிறாள்.