மண்ரோட்டில் ஒரு லாரி வீடு: ஆறு ஆண்டு அனுபவம்

தெற்கு ஆஸ்திரேலியாவில் மாரீயில் தொடங்கி மார்லாவில் முடியும் ஊட்னடாட்டா டிராக் சுமார் 620 கிலோமீட்டர் மண்ரோடு. 2018-இல் எங்கள் லாரி வீட்டை வாங்கியதிலிருந்து அந்த ரோட்டில் மட்டும் ஐந்து முறை போய் வந்துவிட்டோம். மற்ற பாலைவன ரோடுகளான பேர்ட்ஸ்வில் டிராக்கில் இரண்டு முறை, கிரேட் சென்ட்ரல் ரோட்டில் ஒரு முறை. வண்டி இதுவரை ஓடியது 62,000 கி.மீ. அதில் தார் பார்க்காத ரோடு 14,000-க்குக் குறையாது. அடிலெய்டில் எங்கள் வண்டியைப் பார்க்கிற நம் ஆட்கள் எல்லாரும் கேட்பது, "இப்படி ஒண்ணு வாங்கலாமா?" என்பதுதான். வாசலில் நின்று பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

வண்டி, ஜப்பான் தயாரிப்பு சிறிய 4x4 சரக்கு லாரி. அதன் சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் தனியாகப் பாடி கட்டி, படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், தண்ணீர் டேங்க் எல்லாம் உள்ளே. சாமான் ஏற்றினால் 5.8 டன். இங்கே கார் லைசென்ஸுக்கு 4.5 டன்தான் எல்லை. அதற்கு மேல் லைட் ரிஜிட் லைசென்ஸ் வேண்டும். நானும் என் கணவரும் எடுத்தோம். அவருக்கு முதுகுவலி இருப்பதால் பெரும்பாலும் ஓட்டுவது நான்.

முதலில் ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது புரியாமல் வண்டியைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

பாலைவன மண்ரோட்டில் குழியை விட மோசமானது, ரோட்டின் குறுக்கே வரிவரியாக எழும் மடிப்பு. காருகேஷன் என்பார்கள். ஒரு தகர ஷீட்டை ரோடு முழுக்க விரித்துப் போட்டு அதன் மேல் ஓட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் ஒரு சின்ன மேட்டில் ஏறித் துள்ளுகிறது. விழுந்த இடத்தில் மண்ணை அமுக்கி முன்னால் தள்ளுகிறது. அங்கே அடுத்த மேடு உண்டாகிறது. 2007-இல் லியோன், டொராண்டோ, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மணல் நிரப்பிய வட்டப் பாதையில் ஒரு சக்கரத்தை உருட்டிப் பார்த்தார்கள். ஸ்பிரிங்கே இல்லாத சக்கரம்கூட ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் இந்த மடிப்புகளை உண்டாக்கியது. அந்த வேகம் மனிதர் ஓட்டக்கூடியதை விட மிகக் குறைவு. ஆகவே கிரேடர் வந்து சமப்படுத்திவிட்டுப் போனாலும், வண்டிகள் ஓட ஓட மடிப்பு திரும்ப வந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மடிப்புக்கு இடையே முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 60 கி.மீ. வேகத்தில் ஒவ்வொரு சக்கரமும் நொடிக்கு 22 அடி வாங்குகிறது. மாரீயிலிருந்து வில்லியம் கிரீக் சுமார் 200 கி.மீ. அங்கே போய்ச் சேருவதற்குள் இரண்டரை லட்சம் அடிக்கு மேல். ஒவ்வொரு நட்டும், ஒவ்வொரு ஸ்க்ரூவும், அலமாரிக்குள் இருக்கிற ஒவ்வொரு டப்பாவும் அதை வாங்குகிறது. இந்த ஆறு ஆண்டுகளில் எங்களுக்கு உடைந்தவை, கழன்றவை, விரிந்தவை எல்லாவற்றுக்கும் காரணம் இந்த அடிதான்.

அதற்கு எதிராக நம் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் டயர் காற்று. இதை நான் கற்றுக்கொண்டது 2019-இல். குயின்ஸ்லாந்தில் பெய்த மழையின் வெள்ளம், 'கட்டி தண்டா' என்கிற லேக் ஐர் ஏரிக்கு வந்து சேர்ந்திருந்த வருடம் அது. ஏரியைப் பார்க்கத்தான் கிளம்பினோம். தார் ரோட்டில் வைத்திருந்த 65 பி.எஸ்.ஐ. காற்றை அப்படியே விட்டுவிட்டு மண்ரோட்டில் இறங்கினேன். கவர்ட் ஸ்பிரிங்ஸ் வரை 130 கி.மீ. போவதற்குள் பல் கிட்டித்துவிட்டது. அங்கே ஈச்சமரங்களுக்கு அடியில் வண்டி நிறுத்தியிருந்த ஒரு பெரியவர் எங்கள் டயரைக் கையால் தட்டிப் பார்த்தார். அவரே காற்றை அளக்கும் தன்னுடைய கேஜை எடுத்து வந்து, நாலு டயரிலும் 42-க்கு இறக்கச் சொன்னார். மறுநாள் காலை கிளம்பிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். என் கணவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "ரோட்டையே மாத்திட்டாங்களாம்மா?" என்றார். அதே ரோடுதான்.

காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் வளைந்து கொடுக்கிறது. ஸ்பிரிங்குக்குப் போகும் முன்பே அடியில் ஒரு பங்கை டயரே விழுங்கிவிடுகிறது. கூர்மையான கல் பட்டாலும் ரப்பர் அதைச் சுற்றி அமுங்கும், கிழிவது குறையும். மணலில் தரையோடு படியும் பரப்பு கூடுவதால் புதையாது. எனக்குச் சாத்தான்குளம் பக்கம். சின்ன வயதில் அங்கே செம்மணல் தேரிக்காட்டில் நடந்தவர்களுக்கு இது தெரியும்: குதிகாலை ஊன்றினால் புதையும், முழுப் பாதத்தையும் பரப்பி வைத்தால் நடக்கலாம். இப்போது என் அளவு: தாரில் 65, மண்ரோட்டில் 42, மணலில் 28. இது எங்கள் டயருக்கும் எங்கள் எடைக்கும் ஆன கணக்கு. உங்கள் வண்டிக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்றை இறக்கினால் வேகத்தையும் கட்டாயம் இறக்க வேண்டும், இல்லையென்றால் டயர் சூடேறிப் பிய்ந்துவிடும். ஒரு மணி நேரம் ஓட்டியபின் அளப்பேன். காலையில் குளிர்ந்த டயரில் இருந்ததைவிட ஆறேழு பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏறியிருந்தால் வேகத்தைக் குறைத்துவிடுவேன்.

80-இல் போனால் மடிப்புகளின் மேல் மிதந்துகொண்டு போகலாம் என்று பலர் சொல்வார்கள். குலுக்கல் குறைவது உண்மைதான். ஆனால் மிதக்கிற சக்கரம் பாதி நேரம் தரையிலேயே இல்லை. பிரேக் பிடிக்காது, ஸ்டியரிங் கேட்காது. வளைவுக்கு அப்பால் மாடு நிற்கும். பண்ணைகளுக்கு வேலி கிடையாது. லேசான காரில் அவரவர் இஷ்டம். ஆறு டன் வண்டியில் நான் 55-ஐத் தாண்டுவதில்லை. மணிக்கு ஒரு முறை நிறுத்தி ஷாக் அப்சார்பர் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பேன், தொடாமலே அனல் அடிக்கும். உள்ளே ஆயில் அளவுக்கு மீறிச் சூடானால் ஷாக் செத்துப் போகும். டீ போடும் நேரம் ஓய்வு கொடுத்தால் போதும். இப்போது இருப்பது மூன்றாவது செட்.

சரி, லாரியின் கதை இவ்வளவுதான். என்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் எதிலும் ஆறு ஆண்டில் பெரிய வேலை வரவில்லை. ஃபில்டர், ஆயில், ஒரு ஆல்டர்னேட்டர் பெல்ட், கல் பட்டு இரண்டு முறை முன்கண்ணாடி. பாடிதான் எங்களைப் படுத்தி எடுத்தது.

லாரி சேஸிஸ் முறுக்கிக்கொள்வதற்காகவே செய்யப்பட்டது. ஒரு பக்கச் சக்கரம் ஓடைப் பள்ளத்தில் இறங்கும்போது சேஸிஸ் துணி பிழிவது போலத் திருகும், அப்புறம் நேராகும். அதன் மேல் இருக்கும் வீட்டுப் பெட்டியோ திருகக் கூடாது. எங்களுக்கு முதலில் பாடி கட்டியவர்கள் பெட்டியை எட்டு இடத்தில் இறுக்கமாக போல்ட் போட்டிருந்தார்கள். இரண்டாவது பயணத்திலேயே முன்மூலையில் முடி அளவு விரிசல். அடுத்த பயணத்தில் அது ஒரு சாண் நீளமாகி, மழைத் தண்ணீர் உள்ளே கசிந்து, படுக்கைக்கு அடியில் பலகை ஊறிவிட்டது. கண்ணீரே வந்தது எனக்கு. வேறு பட்டறையில் பெட்டியை மொத்தமாகக் கழற்றி, இடையில் ஒரு சப்ஃபிரேம் (பெட்டியைத் தாங்கும் தனிச் சட்டம்) வைத்து, பின்னால் இறுக்கமாகவும் முன்னால் ஸ்பிரிங் போல்ட்டிலும் உட்கார வைத்தார்கள். இப்போது சேஸிஸ் ஒரு பக்கம் திருகும்போது ஸ்பிரிங் நசுங்கிக் கொடுக்கிறது, பெட்டி தன் போக்கில் இருக்கிறது. நாலு ஆண்டாகப் புது விரிசல் ஒன்றுகூட இல்லை. பாடி கட்டுபவரிடம் மெத்தை நிறம், அலமாரிக் கதவு பற்றிப் பேசும் முன், பெட்டி சேஸிஸில் எப்படி உட்காரப்போகிறது என்று கேளுங்கள். வரைந்து காட்டச் சொல்லுங்கள். நான் கேட்கவில்லை.

அடுத்தது புழுதி. சில இடங்களில் மாவு போல நைந்த மண் குழிகளை நிரப்பிச் சமமாகத் தெரியும். இங்கே புல்டஸ்ட் என்பார்கள். அதற்குள் இறங்கினால் தண்ணீர் போலச் சிதறி முன்கண்ணாடி மேல் ஊற்றும். பெட்டிக்குள் புழுதி வராமல் தடுக்கக் கதவு ரப்பர் எல்லாம் மாற்றிப் பார்த்தோம், பலனில்லை. வண்டி ஓடும்போது பின்பக்கம் காற்றழுத்தம் குறைகிறது, சின்ன ஓட்டை இருந்தாலும் புழுதியை உறிஞ்சிக்கொள்கிறது. தீர்வு இதற்கு நேர் எதிரானது. கூரையின் முன்பக்கம், புழுதி எட்டாத உயரத்தில், ஃபில்டரோடு ஒரு காற்றுவாய் வைத்தோம். ஓடும்போது அது காற்றை உள்ளே தள்ளி அழுத்தத்தைக் கூட்டுகிறது. ஓட்டை வழியாகக் காற்று வெளியேதான் போகும். ஆறு ஆண்டில் வாங்கியவற்றில் போட்ட பணத்துக்கு மேல் பலன் தந்தது இதுதான்.

சமையல்கட்டைப் பற்றி நம் வீட்டுப் பெண்கள் கேட்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். திருகு மூடி டப்பா எதுவும் வேண்டாம். குலுக்கலில் மூடி தானாகக் கழன்றுகொள்ளும். சாம்பார் பொடி முழுவதும் துவரம்பருப்புக்குள் கலந்து கிடந்ததைப் பார்த்த பிறகு, பக்கவாட்டில் மாட்டும் கிளிப் டப்பாவுக்கு மாறிவிட்டேன். எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் உரசி உரசிக் கறுப்புத் தூள் உதிரும். நடுவில் பழைய வேட்டித் துணி. குளிர்பான கேன்கள் ஒன்றோடொன்று உரசி ஊசித் துளை விழும், அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலுறை. அரிசிப் பையின் மூலை உள்ளிருந்தே தேய்ந்து கிழியும். பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டிவிடுங்கள். குக்கர் வெயிட்டைக் கழற்றித் தனியே வைக்கவும், ஒன்று தொலைந்து ஊட்னடாட்டாவில் மூடியை லேசாகத் திறந்து வைத்துச் சோறு வடித்தேன். தோசை மாவு மட்டும் பிரச்சினையே இல்லை, பாதி டப்பாவுக்கு மேல் நிரப்பாமல் இருந்தால்.

தண்ணீர் இரண்டு டேங்காக இருக்க வேண்டும், நடுவில் வால்வு. ஒன்றின் குழாய் இணைப்பு மண்ரோட்டில் விட்டுப்போய் 90 லிட்டர் போய்விட்டது. மற்றது இருந்ததால் பயமில்லாமல் ஊர் சேர்ந்தோம். வழியில் ஊற்றுகள் உண்டு. பெரிய ஆர்ட்டீசியன் படுகை என்கிற நிலத்தடி நீர்ப்படுகையின் தண்ணீர் கவர்ட் ஸ்பிரிங்ஸிலும் அதற்குச் சற்று முன்னால் இருக்கும் மண்மேட்டு ஊற்றுகளிலும் மேலே வருகிறது. கவர்ட் ஸ்பிரிங்ஸில் குளிக்கச் சுகமான தண்ணீர். குடிப்பதற்கு நாங்கள் கொண்டுபோனதைத்தான் குடிப்போம்.

டீசல் மாரீ, வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா, மார்லா என்று ஏறத்தாழ 200 கி.மீ.க்கு ஒரு இடம். தாரில் லிட்டருக்கு ஐந்தரை கி.மீ., மண்ணில் நாலரை. பெரிய டேங்க் இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

ஸ்டெப்னி இரண்டு வேண்டும். பேர்ட்ஸ்வில் டிராக்கில் ஸ்டர்ட் கல் பாலைவனத்தை ஒட்டிப் போகையில் ஒரே நாளில் இரண்டு பக்கச்சுவர் கிழிந்தது. அன்று ஒன்றே ஒன்று இருந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்போம். எங்கள் டயர் ஒன்று 60 கிலோவுக்கு மேல். பின்சுவரில் சின்ன கைவின்ச் பொருத்தியதால் நான் ஒருத்தியே இறக்க முடிகிறது. வாங்கும்போதே இதைச் சோதித்துப் பாருங்கள். கணவருக்கு முடியும் என்றால் போதாது.

எதிரே ரோடு டிரெயின் வந்தால், அதாவது 53.5 மீட்டர் வரை நீளமான, மூன்று பெட்டி இழுக்கும் லாரி, இடது ஓரம் ஒதுங்கி நின்றுவிடுவேன். ஒரு நிமிடம் வெள்ளைச் சுவர் போலப் புழுதி, எதுவும் தெரியாது. யு.எச்.எஃப். ரேடியோவை 40-ஆவது சேனலில் வைத்திருந்தால் டிரைவர் முன்கூட்டியே சொல்வார். இருட்டிய பின் ஓட்டுவதே இல்லை, கங்காருவும் மாடும் அப்போதுதான் ரோட்டுக்கு வரும்.

மழையோடு மட்டும் மோதக் கூடாது. கொஞ்சம் பெய்தாலே களிமண் சோப்பாகிவிடும், அரசாங்கம் ரோட்டை மூடிவிடும். மூடிய ரோட்டில் போனால் அபராதம். அபராதத்தை விடுங்கள், ஈரத்தில் ஒரு கனமான வண்டி போட்ட தடம் காய்ந்து கல்லாகிப் பல மாதம் நிற்கும். பண்ணைக்காரர்களும், அந்த மண்ணுக்கு உரிய அரபானா மக்களும், ஊட்னடாட்டா ஊர்க்காரர்களும் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 2022-இல் வில்லியம் கிரீக்கில் நாலு நாள் நின்றோம். சாப்பாடு பத்து நாளைக்கு இருந்தது, புத்தகம் இருந்தது.

போவது மே முதல் செப்டம்பர் வரை. ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி பதிவாகியிருக்கிறது. கோடையில் அங்கே வண்டி நின்றால் உயிருக்கே ஆபத்து. சிம்ப்சன் பாலைவனத்துக்குள் இந்த வண்டியைக் கொண்டுபோக மாட்டேன். ஆயிரத்துக்கு மேற்பட்ட மணல்மேடுகளை ஆறு டன்னோடு ஏறி இறங்கினால் நமக்கும் கஷ்டம், பின்னால் வருபவர்களுக்குப் பாதையும் கெடும்.

வாங்கலாமா என்றால், வருடத்தில் ஆறு வாரமாவது மண்ரோட்டில் இருப்பவர்கள் வாங்கலாம். கடற்கரை முகாம்களுக்கும் தார் ரோட்டுக்கும் என்றால் சாதாரண வேனே மேல். தூக்கமும் நன்றாக வரும், பணமும் மிச்சம். எனக்கு விற்கும் எண்ணம் இல்லை. அல்ஜிபக்கினாவில் பழைய கான் ரயிலின் 578 மீட்டர் இரும்புப் பாலத்துக்குக் கீழே நீல்ஸ் ஆற்றங்கரையில் நிறுத்தி, பின்கதவைத் திறந்து வைத்து, ரயில் நின்றுபோன அந்தப் பாலத்தின் மேல் சூரியன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே காபி குடித்திருக்கிறோம். வருகிற ஜூனில் மறுபடி கிளம்புகிறோம். சப்ஃபிரேம் போல்ட்டுகளை நேற்றுத்தான் இறுக்கிப் பார்த்தேன். இரண்டு போல்ட்டுகள் மட்டும் ஆளுக்குக் கால் சுற்று திரும்பின; மற்றவை அசையவில்லை.