விழுவதா, பறப்பதா: ஹாங்காங் சண்டைப் படங்களின் இரண்டு வழிகள்

1980-களிலும் 90-களின் தொடக்கத்திலும் ஹாங்காங்கின் கான்டனீஸ் மொழிச் சண்டைப் படங்களில் இரண்டு வழிகள் ஒன்றோடொன்று மோதின. ஒன்று, ஆள் உண்மையிலேயே விழுவது. ஜாக்கி சானின் 'போலீஸ் ஸ்டோரி' (1985) அதற்கு உரைகல். மற்றது, ரோப் கட்டிப் பறப்பது. ஜெட் லி நடித்து சுய் ஹார்க் இயக்கிய 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் சைனா' (1991) அதன் உச்சம். ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த சண்டை அமைப்புக்கான பரிசு இரண்டுக்கும் கிடைத்தது. ஆனால் ஆபத்தை எங்கே வைப்பது என்பதில் இரண்டும் நேரெதிர்.

விழுகிற வழியில் ஆபத்து முழுவதும் உடம்பின்மேல். 'போலீஸ் ஸ்டோரி'யின் கடைசிச் சண்டை ஒரு வணிக வளாகத்தில், கடைகள் மூடிய பிறகு இரவில் எடுக்கப்பட்டது. மேல்தளத்திலிருந்து ஜாக்கி பாய்ந்து ஒரு கம்பத்தைப் பிடிக்கிறார். அதில் சுற்றியிருக்கும் அலங்கார விளக்குகள் வெடிக்க வெடிக்கச் சறுக்கி, கண்ணாடிக் கூரையை உடைத்துக்கொண்டு தரைக்கு வருகிறார். பாதுகாப்புக் கயிறு கிடையாது. விளக்குகளுக்குக் குறைந்த மின்னழுத்தம் தராமல் நேரடி மின் இணைப்பு கொடுத்துவிட்டதால் அவை கொதித்துக்கொண்டிருந்தன, உள்ளங்கைகள் வெந்துபோயின. முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் அடி. இப்படிப்பட்ட காட்சியில் இரண்டாவது டேக் கேட்க முடியாது. அதனால்தான் பல கேமராக்களை ஓடவிட்டு, படத்திலும் அதே சறுக்கலை மூன்று கோணங்களில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். அந்த மறுகாட்சிதான் பார்ப்பவருக்குத் தரப்படும் சான்று.

கண்ணாடியையும் கவனிக்க வேண்டும். படப்பிடிப்புக்கான போலிக் கண்ணாடி மெல்லியது, தொட்டாலே நொறுங்கும், திரையில் கனம் தெரியாது. இங்கே இரண்டு மடங்கு தடிமனில் செய்தார்கள். உடைவது அற்புதமாகத் தெரிகிறது, ஆனால் சில்லுகள் தோலைக் கிழித்தன. படக்குழுவே படத்தைக் 'கண்ணாடிக் கதை' என்று அழைத்தது. தொடக்கத்தில் வரும் பேருந்துக் காட்சியில் கோளாறு வேறு விதம்: மேல்தள ஜன்னலை உடைத்து முன்னால் நிற்கும் காரின்மேல் விழவேண்டிய ஸ்டன்ட் கலைஞர்கள், பேருந்து சற்று முன்னதாகவே நின்றுவிட்டதால் கெட்டியான சாலையில் விழுந்தார்கள். பிரேக் பிடிக்கும் தூரத்தில் வரும் சிறு பிழைக்கு இதுதான் விலை.

'ப்ராஜெக்ட் ஏ' (1983) படத்தில் ஜாக்கி மணிக்கூண்டிலிருந்து விழும் காட்சியில் வேகத்தைக் குறைக்க இரண்டு துணிப்பந்தல்கள் இருந்தன. துணி வேகத்தைக் குறைக்கும், ஆனால் உடம்பைப் புரட்டியும் விடும். தலை எந்தப் பக்கம் திரும்பும் என்பது ஆளின் கையில் இல்லை. படத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட டேக்கைச் சேர்த்திருப்பதால், ஒரே விழுதல் எப்படி வெவ்வேறாக முடிகிறது என்று ஒப்பிட்டே பார்க்கலாம்.

பறக்கும் வழியில் ஆபத்து கயிற்றுக்கும் இழுப்பவர்களுக்கும் போகிறது. உடைக்குள் இடுப்பு வார், அதிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பி, மேலே கப்பி, மறுமுனையில் கையால் இழுக்கும் ஆட்கள். குட்டிக்கரணத்துக்கு இடுப்பின் இருபுறமும் கம்பி. பின்னால் தூக்கியெறியப்படுவதற்கு முதுகில். நடிகர் முதலில் தன் காலால் எம்ப வேண்டும், அந்த நொடியில்தான் இழுப்பு. முந்தினால் கால்கள் தொங்கிப் பொம்மையாட்டம் ஆகிவிடும். பிந்தினால் நடுவானில் உடம்பு வெடுக்கென்று குலுங்கும். கணினியில் கம்பியை அழிக்கும் வசதி வருவதற்கு முன் கம்பி தடித்தால் திரையில் தெரிந்துவிடும், மெலிந்தால் அறுந்துவிடும். வெளிச்சம் படாமல் கம்பியை மறைப்பதே ஒளிப்பதிவாளருக்குத் தனி வேலை.

'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் சைனா'வில் கிடங்கில் நடக்கும் ஏணிச் சண்டையில் இந்த வழியின் முழுத் திறமையும் தெரிகிறது. ஏணி ஆளைத் தாங்குவதுபோல் தோன்றினாலும், பல இடங்களில் எடையைத் தாங்குவது கம்பிதான். படப்பிடிப்பில் ஜெட் லி காலில் காயமடைந்ததால் ஹுங் யான்-யான் டூப் போட்டார். முகம் தெரியாத அகல ஷாட்டுகளையும் முகம் தெரியும் நெருக்கமான ஷாட்டுகளையும் தைப்பது படத்தொகுப்பின் பொறுப்பு. ஜாக்கியின் படத்தில் வெட்டு குறைந்தால் நம்பிக்கை கூடும். இங்கே வெட்டுதான் சண்டையையே கட்டுகிறது. இன்னொரு கருவி கேமரா வேகம். நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 22 எடுத்தால் கை கால் சுறுசுறுப்பாகும். அதற்கும் மிகக் கீழே போனால் துணியின் அசைவும் புழுதியும் ஓடத் தொடங்கி, சண்டை கோமாளித்தனமாகிவிடும்.

இரண்டுக்கும் நடுவில் நடிகரும் இயக்குநருமான சம்மோ ஹங் நிற்கிறார். அவருடைய பலம் அடி. உடையில் பவுடர் தடவி, உதை படும்போது அது தெறிப்பதைக் காட்டுவது அவர் பாணியின் எளிய, அருமையான உத்தி. அவர் இயக்கிய 'வீல்ஸ் ஆன் மீல்ஸ்' (1984) படத்தில் அமெரிக்கக் கிக்பாக்ஸிங் வீரர் பென்னி உர்கிடேஸ் உதைத்த காற்றில் மெழுகுவத்திகள் அணைவதை ஒருமுறை பாருங்கள்.

என் தீர்ப்பு: துணிச்சலுக்கு 'போலீஸ் ஸ்டோரி'. அதை வெல்ல எதுவும் இல்லை. ஆனால் சண்டை அமைப்பாக ஏணிச் சண்டையே மேல், ஏனெனில் அங்கே ஒவ்வொரு ஏணியும் தடை, ஆயுதம், தரை என மாறிக்கொண்டே இருக்கிறது. ரோப் பலவீனமாவது, மிதக்கும் ஆளுக்கு எடையே இல்லாததுபோல் தெரியும் காட்சிகளில்தான். ஏணியின் மரம் அந்தக் குறையை மூடிவிடுகிறது.

பார்க்கும்போது கான்டனீஸ் ஒலித்தடத்தையே தேர்ந்தெடுங்கள், ஆங்கில டப்பிங் வேண்டாம். உதடு பொருந்தாததைக் கண்டு பிரதியில் குறை என்று நினைக்க வேண்டாம்: அக்காலத்தில் பெரும்பாலும் படப்பிடிப்பு முடிந்த பிறகே குரல் பதிவு செய்தார்கள், மாண்டரின் பேசும் ஜெட் லிக்குக் கான்டனீஸில் வேறொருவர் குரல் கொடுத்தார்.