பி4: லினக்ஸ் கெர்னலுக்குப் பேட்ச் அனுப்புகிறவர்களுக்கு

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், கிட்ஹப் போன்ற தளங்களில் மாற்றத்தை ஏற்கக் கோரும் புல் ரிக்வெஸ்ட் பொத்தானுக்கு வேலையில்லை. பேட்ச்கள், அதாவது நிரல் மாற்றங்கள், மின்னஞ்சலில்தான் போகின்றன. கிட்டின் அஞ்சல் கட்டளையான சென்ட்-இமெயிலோடு மல்லுக்கட்டியவர்களுக்கு, இந்த வேலைக்கான கட்டளைவரிக் கருவியான பி4 பெரிய விடுதலை. பைத்தானின் நிறுவியான பிப் மூலம் ஒரே வரியில் நிறுவலாம்.

'பிரெப்' கட்டளை கிட்டில் தனிக் கிளையும், பேட்ச் தொகுப்பை அறிமுகப்படுத்தும் முகப்புக் கடிதத்துக்கான வார்ப்பும் உருவாக்கும். அதன் 'ஆட்டோ-டூ-சிசி' தெரிவு, கெர்னலின் கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்டை ஓட்டி யாருக்கு அனுப்ப வேண்டும் என்று நிரப்பிவிடும். அனுப்பியபின் கிளையே அடுத்த பதிப்பான வி2 ஆகிறது. பழைய பதிப்பின் சுட்டியும் தானாகச் சேர்கிறது. மதிப்பாய்வாளர்கள் தந்த 'ரிவ்யூட்-பை' வரிகளை 'டிரெய்லர்ஸ்' கட்டளை அந்தந்தக் கமிட்டில் (கிட்டில் பதிந்த மாற்றத்தில்) ஒட்டிவிடும். இதற்காகவே நிறுவலாம்.

அலுவலக அஞ்சல், மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபியைத் தடுத்தால், கெர்னல்.ஆர்க் வழங்கும் வலைவழி அனுப்பல் இருக்கிறது. டிஜிட்டல் கையொப்பச் சாவி ஒன்றை ஒருமுறை பதிந்து, அஞ்சலில் வரும் குறியீட்டால் உறுதிசெய்தால் போதும்.

சிக்கல் ஒன்று: முகப்புக் கடிதம் வெற்றுக் கமிட்டாகக் கிளையில் உட்கார்ந்திருக்கும். கமிட்களைப் பட்டியலிட்டுத் திருத்தியமைக்கும் ரீபேஸ் செய்யும்போது, வெறுமைதானே என்று பட்டியலில் அந்த வரியை நீக்கினால் கடிதமும் பதிப்புக் கணக்கும் சேர்ந்தே போய்விடும்.

அனுப்ப உரிமை உண்டு என்று உறுதிகூறும் 'சைன்டு-ஆஃப்-பை' வரி இல்லாத பேட்சைப் பராமரிப்பாளர்கள் ஏற்க மாட்டார்கள். கமிட் செய்யும்போதே அந்த வரியைச் சேர்க்கும் மைனஸ் எஸ் தெரிவைப் போடுங்கள். நடைப் பிழைகளைக் காட்டும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டியபின், 'ரிஃப்ளெக்ட்' தெரிவில் முதலில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். பி4-இன் ஆவணம் நன்று, ஆனால் புதியவருக்குக் கொஞ்சம் அடர்த்தி.