பி0335 காட்டியதும் சென்சார் வாங்க ஓடாதீர்கள்: ப்ளூடூத் ஸ்கேனருடன் மூன்று ஆண்டுகள்

நண்பர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் "பி0335 கிராங்க்‌ஷாஃப்ட் பொசிஷன் சென்சார் ஏ..." என்று இருந்தது. கூடவே ஒரு வரி: "அண்ணே, சென்சார் ஆர்டர் பண்ணிடவா?"

காரின் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகினால் பி0335 போன்ற கோளாறு எண்களை (கோடு) ப்ளூடூத் வழியே போனுக்கு அனுப்பும் சின்னப் பெட்டி இது. இந்த ஸ்கேனர்மீது எனக்குத் தீராத கோபம் அந்த மூன்று புள்ளிகளால்தான். திரையில் இடமில்லை என்று செயலி வெட்டிவிட்ட சொல் "சர்க்யூட்". முழு வாசகத்தையும் படிப்பவர் ஒயரையும் பார்ப்பார். வெட்டிய வாசகத்தைப் படிப்பவர் சென்சாரை மட்டும் மாற்றுவார், மறுவாரம் அதே இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரியும். எத்தனை முறை செயலியைப் புதுப்பித்தாலும் இது மாறவில்லை.

பி0335 சொல்வது ஒன்றுதான்: இன்ஜின் சுழலும் வேகம் இன்ஜின் கணினியான இ.சி.யு.வுக்குப் போய்ச் சேரவில்லை. பல கார்களில் கேம் (வால்வுகளை இயக்கும் தண்டு) சென்சார் சிக்னல் வந்தும் கிராங்க் (இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டு) சிக்னல் வராவிட்டால் இந்தக் கோடு பதிவாகும். சென்சார் செத்திருக்கலாம். கனெக்டரில் எண்ணெய் இறங்கியிருக்கலாம், எக்ஸாஸ்ட் பக்கம் போகும் ஒயரின் உறை வெந்து உதிர்ந்திருக்கலாம், சென்சார் முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கலாம், சென்சார் கவனிக்கும் பல்சக்கரத்தில் ஒரு பல் சேதமாகியிருக்கலாம். பேட்டரி இறங்கிப்போனாலும் இதே கோடு வருவதுண்டு. அதனால் முதலில் பேட்டரி: இன்ஜின் நின்ற நிலையில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது.

அடுத்துதான் இந்தச் சின்னப் பெட்டி உண்மையாகவே உதவும் இடம். செயலியின் லைவ் டேட்டாவில் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இன்ஜின் எத்தனை சுற்று) ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும்போது 150 முதல் 300 வரை ஒரு எண் வர வேண்டும். சத்தம் கேட்கிறது, எண் 0லேயே நிற்கிறது என்றால் கோளாறு கிராங்க் சிக்னலில். எண் ஒழுங்காக வந்தும் வண்டி எடுக்கவில்லை என்றால் பெட்ரோல் பம்ப், இக்னிஷன் பக்கம் போங்கள். ஒரே நிமிடத்தில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. இதை எதிர்பார்த்து நான் வாங்கவில்லை. இன்ஜின் ஓடும்போது ஹார்னஸை (சென்சாருக்குப் போகும் ஒயர்க் கட்டு) மெல்ல அசைத்து, எண் குதிக்கிறதா என்றும் பார்க்கலாம். மலிவுப் பெட்டி எண்ணை மெதுவாகத்தான் புதுப்பிக்கும், ஆகவே ஒவ்வொரு அசைப்புக்கும் இரண்டு மூன்று வினாடி கொடுங்கள்.

சென்சாரில் மூன்று ஒயர் இருந்தால் பெரும்பாலும் ஹால் வகை, அதாவது வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் சென்சார். கனெக்டரைக் கழற்றி, இக்னிஷனை ஆன் செய்து, ஹார்னஸ் பக்கம் மல்டிமீட்டரால் அளக்க வேண்டும்: ஒரு பின்னில் 5 வோல்ட் (சில கார்களில் 12), இன்னொன்றில் எர்த். அந்த 5 வோல்ட் இல்லையென்றால் எத்தனை புதுச் சென்சார் போட்டாலும் பயனில்லை. அதே லைனில் இருக்கும் வேறொரு சென்சார் ஷார்ட் ஆகி இழுக்கக்கூடும், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். இரண்டு ஒயர் என்றால் காயில் வகை: பல கார்களில் 500 முதல் 1500 ஓம், சரியான எண் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். ஹால் சென்சாருக்கு ஓம் அளவை போடவே வேண்டாம்.

சிங்கப்பூரில் அதிகம் ஏமாற்றுவது சூடானால் மட்டும் வரும் கோளாறு. மாலை நெரிசலில் விரைவுச்சாலையில் வண்டி அணைந்துவிடும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இழுவை வண்டி வந்து, அருகிலுள்ள கார் நிறுத்துமிடத்தில் இலவசமாகக் கொண்டு விடும். அதற்குள் இன்ஜின் ஆறிவிடும், சாவியைத் திருப்பியதும் எடுக்கும். பட்டறையில் "ஒன்றுமில்லையே" என்பார்கள். சென்சாரின் உள்ளே சூட்டில் விலகி, ஆறியதும் ஒட்டும் இணைப்பு இப்படித்தான் செய்யும். ஆகவே அணைந்த உடனேயே, சூடு ஆறுவதற்குள் அளக்க வேண்டும். இதற்குச் சாட்சி, இ.சி.யு. சேமித்துவைக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேம் பதிவு: கோடு பதிவான நேரத்தில் கூலண்ட் வெப்பம் எத்தனை, வேகம் எத்தனை என்று அதில் இருக்கும். செயலியிலோ அதற்குப் பக்கத்திலேயே கோடை அழிக்கும் சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் சாட்சியும் போய்விடும். முதலில் படம் எடுத்து வையுங்கள்.

கியர் முரட்டுத்தனமாக மாறி, பட்டறைக் கருவியில் பி0725 வந்தால் அது கியர்பாக்ஸ் கணினியின் புகார்: இன்ஜின் வேகம் தனக்கு வரவில்லை என்று. பல கார்களில் அந்த எண் கிராங்க் சென்சாரிலிருந்து இ.சி.யு. வழியாகத்தான் போகிறது. அதனால் பி0335, யு0100 (இ.சி.யு.வோடு தொடர்பு அறுந்தது என்ற கோடு) இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பல கார்களில் என் பெட்டியால் கியர்பாக்ஸ் கணினியோடு பேசவே முடியாது.

வாங்குபவர்களுக்கு இன்னொன்று. இந்தப் பெட்டிகளுக்குள் இருக்கும் சிப்பின் பெயர் இ.எல்.எம். 327. "வெர்ஷன் 1.5" என்று போட்டிருப்பதெல்லாம் நகல், மூல நிறுவனம் அப்படியொரு வெர்ஷன் வெளியிட்டதேயில்லை. பெட்டியைச் செருகும் சாக்கெட்டின் 16ஆம் பின்னில் எப்போதும் பேட்டரி மின்சாரம் உண்டு. செருகியபடியே பலமாடி நிறுத்துமிடத்தில் வாரக்கணக்கில் விட்டால் பேட்டரி இறங்கும், 1234 என்ற பாஸ்வேர்டோடு யாரும் இணையவும் முடியும்.

இவ்வளவு பாராட்டியும், நண்பருக்கு இதை வாங்கச் சொல்லவில்லை. அந்தக் காசுக்கு முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள் என்றுதான் பதில் எழுதினேன். அந்த மூன்று புள்ளிகளைத் திரும்பப் பார்த்த எரிச்சலும் அதில் இருக்கிறது. என் பெட்டி கிளவ் பாக்ஸில்தான் இருக்கும், யார் கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.