இண்டக்‌ஷன் அடுப்பை ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள் கவனத்துக்கு: எங்கள் அயித்தை வீட்டில் நடந்தது

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் பக்கம் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வீட்டுப் பெரியவர்கள் தனியாக இருந்து இண்டக்‌ஷன் அடுப்பில் சமைக்கிறார்கள் என்றால் கட்டாயம் படியுங்கள். காசு போனதற்காக மட்டும் எழுதவில்லை. ரிப்பேர் என்ற பெயரில் அடுப்பில் இருந்த பாதுகாப்பையே பிடுங்கிவிட்டு, "சரியாயிருச்சு" என்று கையில் கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் அயித்தை கோட்டையூரில் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். சிலிண்டரைத் தூக்கி மாட்ட முடியவில்லை, கேஸை மூடினோமா இல்லையா என்ற பயம் வேறு. அதனால் சில வருடங்களாக இண்டக்‌ஷன் அடுப்புதான். திடீரென்று ஒரு நாள் அடுப்பு கீச் கீச்சென்று கத்தியது. திரையில் ஆங்கில ஈ (E) எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும். ஃபேன் சுற்றுகிறது, சூடு மட்டும் ஏறவில்லை.

காரைக்குடியில் ஒரு கடைக்குப் போன் போட்டிருக்கிறார். பையன் வந்து அடுப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் வண்டியில் வைத்து எடுத்துப் போய்விட்டான். ரசீது கிடையாது. மறுநாள் கடைக்காரர் போனில், "ஆச்சி, போர்டு அவுட்டு. மாத்துனாத்தான் ஓடும். புதுசு வாங்குனா எங்கயோ போயிரும், நான் கம்மியா முடிச்சுத் தர்றேன்" என்றாராம். கேட்டது 1,800 ரூபாய். அயித்தை கூகுள் பேயில் அனுப்பிவிட்டார். அடுப்பு வந்தது, ஓடவும் செய்தது.

அப்புறம்தான் விபரீதம். வெள்ளைப் பணியாரம் சுட எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டு மாவைக் கலக்கிக்கொண்டிருந்திருக்கிறார். பொரிப்பதற்கான பட்டனைப் போட்டால் ஓரளவு சூடு வந்ததும் அடுப்பு தானே நிறுத்தி நிறுத்தி எரியும். அன்றைக்கு நிற்கவே இல்லை. திரும்பிப் பார்த்தால் சட்டியிலிருந்து புகை மண்டிக் கிளம்புகிறது. நல்லவேளை, பதற்றத்தில் தண்ணீரை எடுத்து ஊற்றவில்லை. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டுத் தட்டைப் போட்டுச் சட்டியை மூடிவிட்டார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் எண்ணெய் தீப்பிடித்திருக்கும். பர்மா தேக்கு உத்தரமும் கதவுமாக இருக்கிற வீடு. ஆள் ஒருத்தர். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

நான் அடுப்பை எடுத்துக்கொண்டு தேவகோட்டையில் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அனுபவஸ்தர். என் கண் முன்னாலேயே நாலு ஸ்க்ரூவையும் கழற்றிக் கண்ணாடியைத் தூக்கினார்.

சூட்டை உண்டாக்குகிற கம்பிச் சுருள்தான் காயில். அதற்கு நடுவே, கண்ணாடியின் அடிப்பக்கத்தை ஒட்டி, மிளகை விடச் சின்னதாக ஒரு சென்சார் இருக்கும். அதன் மேல் வெள்ளைப் பசை தடவியிருப்பார்கள். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். பாத்திரம் எவ்வளவு சூடாகிவிட்டது என்று போர்டு தெரிந்துகொள்வது இதை வைத்துத்தான். எங்கள் அடுப்பில் அந்த இடம் காலி. பசை காய்ந்த தடம் மட்டும் இருந்தது. ஒயரை வெட்டிவிட்டு, போர்டில் சென்சார் சேரும் இடத்தில் ஒரு சாதாரண ரெசிஸ்டரைச் சால்டர் வைத்திருந்தார்கள். ரெசிஸ்டர் எப்போதும் ஒரே அளவைத்தான் காட்டும். "மேல எண்ணெய் கொதிச்சாலும் சரி, காலிச் சட்டி காஞ்சு செவந்தாலும் சரி, போர்டு இப்பத்தான் ஆன் பண்ணதா நெனச்சுக்கிட்டு கரண்டு தள்ளிக்கிட்டே இருக்கும்" என்றார்.

போர்டும் மாற்றவில்லை. தூசி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் அப்படியே இருந்தது, அந்த ஒரு சால்டர் மட்டும் புதிதாக மின்னியது. ஆக, முதலில் பழுதானது சென்சார்தான். அந்தச் சென்சார் 50 ரூபாய்க்குள் கிடைக்கிற சாமான், கூலியோடு சேர்த்தாலும் 250 ரூபாயைத் தாண்டாது என்றார். அதையும் போடாமல் 1,800 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். இதைத் திருட்டு என்று மட்டும் சொல்லி விட்டுவிட என்னால் முடியவில்லை. தெரிந்தே ஒரு வயதான மனுஷியின் அடுப்பங்கரையில் நெருப்பை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சரி, இப்போது சென்சாரைப் போட்டு அடுப்பைத் திரும்பப் பயன்படுத்தலாமா என்று கேட்டேன். கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். நடுவிலிருந்து ஓரம் வரை முடி அளவுக்கு ஒரு விரிசல். அளவுக்கு மீறிக் காய்ந்ததில் வந்திருக்கும் என்பது அவர் கணிப்பு. விரிசல் விட்ட கண்ணாடி வழியாகத் தண்ணீரோ பாலோ பொங்கி உள்ளே இறங்கினால் ஷாக் அடிக்கும், அதனால் இதைத் தொடவே மாட்டேன் என்று கையை எடுத்துவிட்டார். சின்னச் செலவில் முடிய வேண்டிய அடுப்பு குப்பைக்குப் போனது. புதிதுதான் வாங்கினோம்.

ரிப்பேரா, புதுசா என்று குழம்புகிறவர்களுக்கு அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஃபேன், பட்டன், ஒயர், சென்சார் போனால் யோசிக்காமல் ரிப்பேர் பண்ணலாம். பிளக்கைச் செருகியதுமே ஃபியூஸ் போகிறது அல்லது டிரிப் ஆகிறது என்றால் பெரும்பாலும் காயிலுக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் ஐஜிபிடி என்ற பாகம் ஷார்ட் ஆகியிருக்கும். அதோடு ஏசி கரண்டை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையரும் ஃபியூஸும் சேர்ந்து போகும். இதையும் ஒரு தடவை மாற்றிப் பார்க்கலாம். ஆனால் சில மாதத்தில் திரும்ப அதே இடம் போனால் அதற்கு மேல் காசைக் கொட்ட வேண்டாம். முழு போர்டும் மாற்ற வேண்டும் என்று புது அடுப்பின் விலையில் பாதிக்கு மேல் கேட்டால் புதுசே மேல். கண்ணாடி விரிசல் என்றால் பேச்சே இல்லை. வாரண்டி இருந்தால் கம்பெனி ஆளைத் தவிர வேறு யாரையும் திறக்க விடாதீர்கள். திரையில் காட்டும் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கூட வந்த புத்தகத்தில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போன் பண்ணுங்கள். "போர்டு போச்சு" என்று சொன்னால் எதிர்க் கேள்வி கேட்க அது உதவும்.

நம் ஊர்ப் பழைய வீடுகளுக்கு ஒன்று. 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸிக்குப் போட்டிருக்கும் சின்ன பிளக்கில் செருகினால் பிளக் உருகும், பழி அடுப்பின் மேல் விழும். 16 ஆம்பியர் பாயின்ட்டும் எர்த்தும் வேண்டும்.

அடுப்பைக் கொடுக்கும்போது முன்னால் வைத்துத் திறக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு கடை பாருங்கள். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள், பில்லும் வாங்குங்கள். நான் போய்ப் பழைய போர்டு எங்கே என்று கேட்டபோது கடைக்காரர், "அதெல்லாம் தூக்கிப் போட்டாச்சுங்க" என்றார். ரெசிஸ்டரைப் போட்டோவில் காட்டியதும், "ஆச்சி கவனிக்காம விட்டிருப்பாங்க" என்று அயித்தை மேலேயே திருப்பினார். எனக்கு அங்கேதான் கோபம் தலைக்கேறியது.

பில் இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய பதிவு இருக்கிறது, திறந்த அடுப்பின் போட்டோக்கள் இருக்கின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணமும் இல்லை.

சென்சார் கோளாறு என்றோ, "ஈ" காட்டுகிறது என்றோ அண்மையில் எங்கேயாவது ரிப்பேர் பார்த்திருந்தால், இன்னொரு மெக்கானிக்கை வைத்துத் திறந்து, காயில் நடுவே சென்சார் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பார்க்கும் வரை அதில் எண்ணெய்ச் சட்டி வைக்க வேண்டாம், அடுப்பை ஓட விட்டு நகரவும் வேண்டாம்.