டூப்ளெக்ஸா, லேமல்லரா? டைட்டானியம் அலுமினைடில் விரிசலைத் தாங்குவது எது

48-2-2 கலவையை எடுத்துக்கொள்வோம்: அணு சதவீதத்தில் 48 அலுமினியம், குரோமியமும் நியோபியமும் தலா 2, மீதி டைட்டானியம். இதன் உள்ளமைப்பு இரண்டு விதமாக வரலாம்: சிறு படிக மணிகளும் தகடு அடுக்குகளும் கலந்தது டூப்ளெக்ஸ், முழுக்கத் தகடு அடுக்குகளே ஆனது லேமல்லர். டர்பனிலோ பிரிட்டோரியாவிலோ உலோகவியல் படிக்கும் நம் பிள்ளைகள் இதில் முதலில் கேட்பது, "லேமல்லர்தானே டஃப் (விரிசலைத் தாங்குவது)? பிறகு ஏன் டூப்ளெக்ஸ்?" என்பதுதான். விரிசல் எவ்வளவு நீளம் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

அறை வெப்பநிலையில் டூப்ளெக்ஸின் முறிவுத் தாங்குதிறன் ஏறக்குறைய 10 முதல் 16 மெகாபாஸ்கல் √மீட்டர். முழு லேமல்லர் 20-ஐத் தாண்டி 30 வரை போகும். நீட்சியில் நிலைமை தலைகீழ். டூப்ளெக்ஸ் 2 முதல் 4 சதவீதம் நீளும்; பருத்த லேமல்லர் பெரும்பாலும் 1 சதவீதத்துக்குள் உடைந்துவிடும். 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் க்ரீப் (சூட்டில் சுமையின் கீழ் மெல்ல மெல்ல நீள்வது) தாங்குவதில் லேமல்லருக்கே கை ஓங்கும்.

லேமல்லருக்கு அந்த டஃப்னஸ் வருவது காமா, ஆல்ஃபா-2 என்ற இரு படிக வகைகளின் தகடுகள் மாறி மாறி அடுக்கப்பட்டிருப்பதால். குறுக்கே வரும் விரிசல் திசை மாறுகிறது. அதன் பின்னால் அறுபடாத தகடுகள் பாலம்போல் நின்று வாயைத் திறக்கவிடாமல் பிடிக்கின்றன. ஆனால் அந்தப் பாலம் உருவாக விரிசல் ஓரளவு நீள வேண்டும். டர்பைன் பிளேடில் நாம் பயப்படுவதோ சிறு விரிசலுக்கு. அதன் பின்னால் பாலமே இருக்காது. சிறு விரிசல், நீண்ட விரிசலுக்கு அளந்த சோர்வு வரம்புக்கு (மாறி மாறி வரும் சுமையில் விரிசல் வளரத் தொடங்கும் எல்லை) கீழேயும் வளரும். தகடுகளுக்கு இணையாக ஓடினாலோ தடுக்க ஆளே இல்லை. ஆகவே 30 என்ற எண்ணை அப்படியே வடிவமைப்புக் கணக்கில் போடுவது ஆபத்து. ஜெனெக்ஸ் விமான எஞ்சினின் தாழ் அழுத்த டர்பைன் கடைசி இரண்டு கட்டங்களில் வார்ப்பு 48-2-2 பிளேடுகள் டூப்ளெக்ஸ் அமைப்பில் இருப்பதில் எனக்கு வியப்பில்லை.

செய்முறையில் டூப்ளெக்ஸ் பொறுமையான பிள்ளை. ஹிப் (சூட்டோடு வாயு அழுத்தமும் தந்து உள்துளைகளை மூடுவது) முடிந்தபின் 1200 டிகிரி சுற்றில் 2 மணி நேரம் வைத்தால் போதும். பத்து டிகிரி முன்பின் ஆனாலும் பெரிய சேதமில்லை. லேமல்லருக்கு ஆல்ஃபா டிரான்ஸஸை, அதாவது உலோகம் முழுதும் ஆல்ஃபாவாகும் வெப்பநிலையை, தாண்டியாக வேண்டும், 48-2-2-க்கு அது 1360 முதல் 1380 டிகிரி. அலுமினியம் ஒரு சதவீதம் கூடினாலே அந்த எல்லை 20 டிகிரிக்கும் மேலாக ஏறிவிடும். எனவே ஒவ்வொரு உருக்கலுக்கும் தனியாக அளவிடுங்கள். எல்லைக்கு மேலே காமா மறைந்து, தடுக்க எதுவும் இல்லாமல் கிரெய்ன் (படிக மணி) மளமளவென்று வளரும். அரை மணிக்கு மேல் வைக்காதீர்கள். அந்த நேரம் பார்த்து லோட் ஷெட்டிங் வந்தால் உலை தானாக மெல்ல ஆறி, தகடுகள் தடித்துப்போகும். மறுபடி சூடேற்றினால் கிரெய்ன் இன்னும் பருக்கும். ஜெனரேட்டர் உலையின் சுமையைத் தாங்காவிட்டால் மின்வெட்டு அட்டவணை பார்த்துத் தொடங்குவதே வழி. தண்ணீரில் குளிர்விப்பதும் வேண்டாம்: லேமல்லருக்குப் பதில் மாஸிவ் காமா (தகடு அடுக்கில்லாமல் திடீரென உருவாகும் காமா) வரும், துண்டு வெடிக்கவும் கூடும்.

சிறிது போரான் சேர்த்த நுண் லேமல்லர் நடுவழி. போரைடுகள் கிரெய்னைப் பிடித்து வைப்பதால் நீட்சியும் ஓரளவு மீளும். 750 டிகிரி கேட்கும் பாகம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். மற்ற இடத்தில் டூப்ளெக்ஸ்.

ப்ளூம்ஃபான்டைனில் போல லேசரில் டை-6-4 (வழக்கமான டைட்டானியக் கலவை) முப்பரிமாணத்தில் அச்சிட்டுப் பழகியவர்கள் அதே பழக்கத்தில் இதைத் தொடக்கூடாது. பொடிப் படுகை சூடில்லாவிட்டால் அச்சிடும்போதே பிளக்கும். எலக்ட்ரான் கற்றை எந்திரம் 1000 டிகிரிக்கு மேல் முன்சூடு தருவதால் சமாளிக்கிறது. ஆனால் வெற்றிடத்தில் அலுமினியம் 1 முதல் 2 சதவீதம் ஆவியாகும். பொடியிலேயே அதைக் கூட்டி வையுங்கள்.

இரண்டையும் ஒப்பிட்டு அளக்கும்போது ஒரு கண்ணி உண்டு. பருத்த லேமல்லரில் ஒரே திசையில் தகடுகள் அடுக்கிய ஒரு தொகுதி 0.8 மில்லிமீட்டர் என்றால், 5 மில்லிமீட்டர் கனத் துண்டின் குறுக்கே ஆறு தொகுதிகள்தான் அடங்கும். அவற்றில் ஒன்றிரண்டின் தகடுகள் விரிசலுக்காகப் போட்ட வெட்டுக்கு இணையாகத் திரும்பியிருந்தாலே முடிவு சரியும். கிரால் கரைசல் என்ற அமிலக் கலவையில் அரித்து, துருவ ஒளியில் தொகுதிகளின் அளவை எண்ணி, டஃப்னஸ் எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள். அந்தக் கரைசலில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருப்பதால் கால்சியம் குளூக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.